முப்பத்தொரு பிடிக் குதிரை

மூட்டுவலித் தைலம் வாங்கும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு பையன் சவாரிக் குதிரையில் ஒரு சுற்றுப் போய் இறங்கினான். இறங்கியதும் போனைப் பார்த்து, இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று தன் அப்பாவிடம் சொன்னான். குதிரைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வயதில் நானும் குதிரைகளுக்கு வேகம் எழுதியவள். என்னிடம் கடிகாரம்கூடக் கிடையாது. அம்மாவின் கையை வைத்து எழுதினேன். அதில் ஒரு தப்பு செய்தேன், அந்தத் தப்பை நானே கண்டுபிடித்தேன். இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

எங்கள் எஸ்டேட் செம்மநத்தம் போகிற வழியில் இருந்தது. இன்றைக்கு அது மூன்று கை மாறி, பாதி லாட்ஜ் ஆகிவிட்டது. அப்போது முழுக்கக் காப்பி. மேல்காடு, கீழ்காடு என்று இரண்டு பகுதி. பறித்த பழத்தை மூட்டையாக்கித் தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகைக்கு இறக்க வேண்டும். பாதை ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். அதனால் இரண்டு மட்டக்குதிரைகள் வைத்திருந்தார்கள். ஒன்று செவலை, அதைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. இன்னொன்று சாம்பல் நிறப் பெட்டை, சாம்பலி என்போம். அது எதிர்வீட்டு மாமாவின் பொறுப்பு. மாமா என்றால் சொந்தம் இல்லை, தொழிலாளர் வரிசையில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர்க் கதவு, அவ்வளவுதான். அவருடைய சம்சாரத்தை அத்தை என்பேன். குதிரைக்காரருக்கு வீடு குதிரையோடு வந்தது. வீட்டோடு பெண்களுக்குப் பறிப்பு வேலை வந்தது. குதிரை போனால் மூன்றும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பறிப்புக் காலத்தில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் திறந்துதான் இருக்கும், நான் போக மாட்டேன். அம்மாவின் வரிசையில் உதிர்ந்த பழம் பொறுக்குவது என் வேலை. நவம்பரில் மேல்காட்டில் மூடுபனி பத்து மணி வரை நிற்கும். பாவாடை ஓரம் நனைந்து கணுக்காலில் ஒட்டும். அட்டை ஏறினால் எச்சில் தொட்டு எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். கீழே பல்ப்பரிலிருந்து புளித்த வாடை மலையேறி வரும். மத்தியானச் சோற்றில்கூட அந்த வாடை இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மாவின் கை எஸ்டேட்டில் பேர்போன கை. பழம் உள்ளங்கையில் நிறைந்ததும் இடுப்புக் கூடைக்குள் போடுவாள். அந்த ஒரு கை நிறைவைப் பிடி என்போம். மற்றப் பெண்கள் காலையில் வேகமாகப் பறிப்பார்கள், சாயங்காலம் கை தளரும். அம்மாவுக்குக் காலையும் சாயங்காலமும் ஒன்று. மேஸ்திரி மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம் அம்மாவைக் காட்டி, "மிஷினாட்டம் பறிக்குது பாருங்க" என்பார். கூடைக்குள் பிடி விழும் சத்தத்தைக் கேட்டே நான் பொழுதைத் தெரிந்துகொள்வேன்.

குதிரைக்கு வேகம் எழுதும் யோசனை எனக்கு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடமிருந்து வந்தது. அவர் சொல்லித்தந்தார் என்று நினைக்க வேண்டாம். என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸைக் கூட்டிப் பெருக்கப் போவேன். அவர் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பெங்களூர், ஊட்டிக் குதிரைப் பந்தய முடிவுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார். எந்தக் குதிரை, எத்தனை தூரம், முதுகில் எவ்வளவு எடை, தரை காய்ந்ததா ஈரமா, எத்தனை வினாடி. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு எண் போடுவார். அதற்கு ரேட்டிங் என்று பேர். அவர் ஒரு பந்தயம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை, ஒருநாளும் பணம் கட்டியதில்லை. அடுத்த வாரம் எது ஜெயிக்கும் என்று எழுதி வைப்பார். ஜெயித்தால் வெற்றிலை ஒன்று கூடப் போடுவார்.

எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். அதிக எடையோடு ஓடி இரண்டாவதாக வந்த குதிரை, குறைந்த எடையோடு முதலில் வந்த குதிரையைவிட வேகக்காரக் குதிரையாக இருக்கலாம் என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். செவலைக்கு ஒருநாள் எண்பது கிலோ ஏற்றுவார்கள், மறுநாள் அறுபது. ஆனால் சீக்கிரம் வந்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஒரே பேச்சாகத்தான் பேசுவார்கள். யாரும் எடையைக் கழிக்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

குப்பையில் போட்ட பழைய செக்ரோல் தாள்களை எடுத்துச் சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து நோட்டு ஆக்கினேன். செக்ரோல் என்றால் எஸ்டேட்டின் தினசரிக் கணக்கேடு, யார் வந்தார்கள், எத்தனை கிலோ பறித்தார்கள் என்று ரைட்டர் எழுதுவது. ஒரு பக்கம்தான் எழுதியிருக்கும், பின்பக்கம் எனக்கு. நோட்டு இப்போது என்னிடம் இல்லை. பல வருடம் கழித்து வால்பாறையில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், கூழாகிவிட்டது. அதில் இருந்த எண்கள் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

என் வேலை இப்படி. மேல்காட்டிலிருந்து பார்த்தால் பாதையில் இரண்டு இடம் நன்றாகத் தெரியும். மேலே ஒற்றைப் பாறை, கீழே பல்ப்பர் கொட்டகையின் தகரக் கூரை. குதிரை பாறையைத் தாண்டும்போது எண்ண ஆரம்பிப்பேன். கண் குதிரை மேல், காது அம்மாவின் கூடை மேல். கூரையைத் தொட்டதும் நிறுத்துவேன். அத்தனை பிடி. மேஸ்திரி மூட்டையின் எடையைக் கத்திச் சொல்வார், அதையும் எழுதுவேன். ஒரே குதிரை கூடின சுமையோடும் குறைந்த சுமையோடும் எத்தனை பிடியில் போகிறது என்று பத்து நாள் பார்த்து, பத்து கிலோவுக்கு ஒரு பிடி கழிப்பது என்று வைத்தேன். மழை பெய்து சேறானால் இரண்டு பிடி. எல்லாம் கழித்து நவம்பர் மாதம் முழுவதற்கும் செவலைக்குச் சராசரியாக வந்தது முப்பத்தொரு பிடி.

நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்தே செவலையின் முதுகில் சுமைக் கட்டு உரசியது, டிசம்பரில் அது பெரிய புண்ணானது. மேல்காட்டுப் பாதை நீளம் என்பதால் அதைக் கீழ்காட்டுக்கு மாற்றி, சாம்பலியை எங்களிடம் அனுப்பினார்கள். அதற்குள் பழம் ஒன்றாகப் பழுத்து, செடி சிவப்பாகத் தொங்கியது. நடுப்பறிப்பு மும்முரம். ஜனவரி முடிய சாம்பலியை எண்ணினேன். முப்பத்தெட்டு பிடி. பிடி குறைந்தால்தானே வேகம்? எங்கள் செவலை ஏழு பிடி முந்தியிருந்தது. அன்றைக்கு நான் சாப்பிட்ட களிக்கு ருசி கூடியிருந்தது.

ஜனவரி கடைசியில்தான் செய்தி வந்தது. மேல்காடு வரை ஜீப் ரோடு வெட்டப் போகிறார்கள், இனி மூட்டை ஜீப்பில் இறங்கும். ரோடு போகாத மூலைக்கு ஒரு குதிரை போதும். மற்றது பறிப்பு முடிந்ததும் தரகரிடம் போய்விடும். எந்தக் குதிரை வேகமோ அதை வைத்துக்கொள்ளலாம், எது என்று எழுதிக் கொடு என்று மேனேஜர் ரைட்டரிடம் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு மாமாவும் அப்பாவும் சேர்ந்தே ஆபீஸுக்குப் போனார்கள். சீட்டுக் குலுக்கிப் போடலாமே என்று கேட்டது மாமா. ரைட்டருக்கு அது பிடிக்கவில்லை. வேகம் என்பது பார்த்துச் சொல்ல வேண்டியது, குலுக்கிச் சொல்வதில்லை என்றார். அப்படியென்றால் ஒருநாள் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாமே என்றார் அப்பா. ஒருநாள் ஓட்டத்தை வைத்து எந்தக் குதிரையையும் எடை போடக்கூடாது என்பது ரைட்டருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். இரண்டு மூன்று மாத ஓட்டம் வேண்டும் என்றார். அது யாரிடம் இருக்கிறது?

என்னிடம் இருந்தது. அந்த வாரமே பெருக்கும்போது பாவாடைச் செருகலிலிருந்து நோட்டு கீழே விழுந்தது. செக்ரோல் தாளைத் திருடினாயா என்று கத்திக்கொண்டே எடுத்தவர், புரட்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

"இதென்னது, எடைக்குக் கழிச்சிருக்கறே?"

"ஆமாங்க. பத்துக் கிலோவுக்கு ஒரு பிடி."

"சேத்துக்கு?"

"ரெண்டுங்க."

"பிடின்னா என்ன?"

அம்மாவின் கை என்றேன். "அந்தக் கை கடியாரமாட்டம்தான். மேஸ்திரியே சொல்லுவாரு" என்றார். எனக்குத் தலை முகட்டைத் தொட்டது போல இருந்தது. அன்றைக்கே மேனேஜருக்குக் காகிதம் எழுதினார். செவலை இருக்கட்டும், சாம்பலி போகட்டும்.

லைன் வீட்டு வாசலில் அதைச் சொன்னபோது அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மாமா நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. திருப்பிக் கொடுக்கும்போது அப்பாவிடம் சொன்னார்: "புள்ள எழுதிருக்குது. அது பொய்யா எழுதப் போகுதுங்களா? செரி உடுங்க."

இத்தனை வருடத்தில் திருப்பூர் மில், குடகு எஸ்டேட், லாரி ஷெட்டுச் சமையல் என்று எத்தனையோ பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். அப்படி என்னை நம்பினவர் குறைவு.

பிப்ரவரியில் கடைசிப் பறிப்பு. செடியில் மிச்சம் மீதி ஒட்டியிருக்கும் பழம்தான். கீழ்காடு முடிந்துவிட்டது, மேல்காட்டு ஓரம் மட்டும் பாக்கி. அதனால் இரண்டு குதிரையும் எங்கள் பாதைக்கே வந்தன. செவலை லாடம் தேய்ந்து நொண்டியது. அப்பா அதை இழுத்துக்கொண்டுதான் இறங்கினார், பாதி வழியில் நின்று குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பழக்கத்தில் எண்ணினேன். கூரையைத் தொட்டபோது முப்பத்தாறு பிடி.

மறுபடி யோசித்துப் பார்த்தேன். நல்ல காலோடு சாம்பலிக்கு முப்பத்தெட்டு, நொண்டிக் காலோடு செவலைக்கு முப்பத்தாறா?

அடுத்ததாகச் சாம்பலி போனது, அதே எடை. இருபத்துநான்கு பிடி. ஜனவரியில் முப்பத்தெட்டு போட்ட குதிரை. ஒரு மாதத்தில் எந்தக் குதிரைக்கும் அப்படி வேகம் வராது. குதிரையை விட்டுவிட்டு முதல்முறையாக அம்மாவின் கையைப் பார்த்தேன். ஒரு கிளையை வளைப்பாள், இலையைத் தள்ளுவாள், ஒன்று பறிப்பாள், மறுபக்கம் திருப்புவாள், இரண்டு பறிப்பாள். பிடி நிறையவே இல்லை. ஜனவரியில் கிளையில் கை வைத்து உருவினால் பிடி நிறைந்துவிடும். நவம்பரில்? முதல் பறிப்பில் காய்க்கு நடுவே பழுத்ததை மட்டும் தேடித் தேடிப் பறித்தாள். அன்றும் இப்படித்தான்.

ஓடியது குதிரை. மெதுவானது என் கடிகாரம், அதனால்தான் பிடி குறைந்தது.

அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து வரிசையில் அத்தை பறித்துக்கொண்டிருந்தாள், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ஆனாலும் அங்கே பிடி விழும் சத்தம் நின்றுவிட்டது.

"பழமில்லாத செடியில கை எங்கே ஓடும்?" என்றாள் அம்மா. அது பறிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பது போலச் சொன்னாள். தெரிந்த விஷயம்தான். யாரும் பறிக்கிறவளைக் கேட்கவில்லை. "மூணு மாசமா ரைட்டரு தெனமும் எழுதறாரே, நான் எத்தனை கிலோன்னு. அவருக்குத் தெரியாதாக்கும்?"

பிறகு அவளுக்கே உறைத்தது. கை நின்றது. அத்தையின் வரிசைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அத்தை இந்தப் பக்கம் திரும்பவில்லை. செடியை வளைத்துப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். அம்மா என்னைப் பார்க்காமல், கூடைக்குள் இருந்த இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டே சொன்னாள்:

"உங்கப்பன்கிட்டக் கேக்காதே. எங்கிட்டயும் கேக்காதே. நீ எழுதுனது, நீயே போயி அழிச்சுட்டு வா, சாமி."

போக வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். பத்து வயது. எனக்கும் அந்த வீடு வேண்டியிருந்தது.

ரைட்டர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காகிதம் போய்விட்டது, தரகர் வரும் நாள் சொல்லியாகிவிட்டது, குழந்தைப் பேச்சுக்குத் திருப்பி எழுத முடியாது என்றார். நான் போகவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, செக்ரோலில் அம்மா பேருக்கு நேரே பாருங்கள் என்றேன். என்னைத் துரத்துவதற்காகத்தான் திறந்தார். நவம்பர் தாள்களில் விரல் ஓடியது. நாற்பது கிலோ, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. ஜனவரித் தாள்களில் அறுபது, அறுபத்தொன்று, ஐம்பத்தொன்பது. பிப்ரவரியில் முப்பத்தெட்டு.

"நாப்பது கிலோ பறிக்கற கையும் அறுவது கிலோ பறிக்கற கையும் ஒரே வேகமாங்க?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெனமும் எங் கையாலதானே எழுதிருக்கறேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். செவலையின் முப்பத்தொரு பிடியை ஜனவரிக் கைக்கு மாற்றினால் நாற்பத்தாறு வந்தது. சாம்பலி முப்பத்தெட்டு. எட்டுப் பிடி வித்தியாசம், சாம்பலிக்குச் சாதகமாக.

சுவரில் தொங்கிய தன் பந்தய நோட்டுகளைப் பார்த்தார். "பெங்களூர்க் கடியாரமும் ஊட்டிக் கடியாரமும் ஒண்ணான்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல" என்றார். அப்புறம், "உங்க ஊட்டுல தெரியுமா?" என்றார். அம்மாதான் அனுப்பினாள் என்றேன். அவர் வேறு காகிதம் எடுத்தார்.

பெரியவர்கள் எங்கே தவறினார்கள் என்று இப்போது யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. மேஸ்திரி சொன்ன ஒரு புகழ்ச்சியை எல்லோரும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அம்மாவின் கை ஒரு நாளுக்குள் மாறாது, அது உண்மை. செடி மாறும். ஒரு குதிரை எப்போதும் வேண்டியிருக்கும் என்று நினைத்த மேனேஜரும் தவறினார். ஜீப் வந்த மூன்றாம் வருடம் சாம்பலியும் வேண்டாததாகிவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் அந்த மூன்று வருடம் மாமா வீட்டுக்குச் சேர வேண்டியதுதான்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதைவிட மோசம், இரண்டு நாள் பேசவில்லை. செவலைக்கு மட்டும் பேசினார், புண்ணுக்கு மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டே. தரகர் வந்து அதை நடத்திக்கொண்டு போனபோது முதல் வளைவு வரை கூடவே போய்விட்டுத் திரும்பினார். மாமா அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அத்தை வந்தாள். எங்கள் பாத்திரங்களைப் பழைய சேலையில் வைத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். முடிச்சுப் போட்டுக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன் கண்ணு. நீ சொல்லாம உட்டிருந்தா நானும் சொல்லிருக்க மாட்டேன். உங்கம்மா கூடப் பக்கத்து வரிசையில பத்து வருசம் நின்னுட்டேன்."

மூட்டையை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை சேலம் பஸ்ஸில் ஏறினோம். என் பள்ளிக்கூடம் அத்தோடு சரி. அடுத்த ஐந்து வருடத்தில் ஏழு ஊர் மாறினோம். கால் ஓரிடத்தில் நிற்காத பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்ததுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. பஸ் வளைவு வளைவாக இறங்கியது. அம்மா ஜன்னல் பக்கம், மடியில் பாத்திர மூட்டை. நடுவில் நான். பாதி மலை இறங்கிய பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"நெசமாவே சாம்பலிதான் வேகமா?"

"ஆமாங்கப்பா."

"எத்தனை?"

"எட்டுப் பிடி."

இரண்டு வளைவு போயிற்று.

"முதுகுல புண்ணு இல்லாம இருந்திருந்தா?"

அதையும் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். புண் வருவதற்கு முன்னால், நவம்பர் முதல் வாரத்து ஓட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்திருந்தேன். "மூணு பிடி கொறையும். அப்பவும் அஞ்சு பிடி பின்னாலதான் வரும்" என்றேன்.

அப்பா என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொன்னார்:

"செரி. அப்ப மலையெறங்க வேண்டியது நாமதான்."